பெரியவர்களுக்கான செவித்திறன் பரிசோதனை: முன்பதிவு முதல் அறிக்கை கையில் வரும் வரை

இரத்தப் பரிசோதனைக்குப் போனால் கையை நீட்டிவிட்டு உட்கார்ந்தால் போதும். மீதியை ஆய்வகம் பார்த்துக்கொள்ளும். செவித்திறன் பரிசோதனை அப்படிப்பட்டதன்று. எந்த ஒலி கேட்டது, எது கேட்கவில்லை என்று நீங்கள் சொல்வதுதான் அங்கே அளவீடாகப் பதிவாகிறது. ஆகவே என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டு போகிறவருக்குக் கிடைக்கும் முடிவும், எதுவும் தெரியாமல் போய்க் குழம்பிப்போகிறவருக்குக் கிடைக்கும் முடிவும் ஒரே தரத்தில் இருப்பதில்லை.

எனக்கு முதல் முறை கிடைத்தது, இடது காதில் இத்தனை விழுக்காடு குறைவு என்று ஒரே வரி எழுதிய சீட்டு மட்டுமே. எலும்பு வழிச் சோதனை செய்யப்படவில்லை; பேச்சுச் சோதனை செய்யப்படவில்லை; வரைபடமும் தரப்படவில்லை. அந்தச் சீட்டைக் கொண்டு எந்த மருத்துவராலும் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை என்பதால், இன்னோர் இடத்தில் மறுபடியும் பணம் கட்டி எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. இந்த அலைச்சல் உங்களுக்கு நேரக் கூடாது என்பதற்காகவே, போகும் முன் தெரிந்திருக்க வேண்டியவற்றை வரிசைப்படி எழுதுகிறேன்.

1. எவ்வளவு அவசரம் என்பதை முதலில் பாருங்கள்

செவித்திறன் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைந்து வந்திருந்தால், பரிசோதனையை அடுத்த வாரம் செய்தாலும் அதற்கடுத்த வாரம் செய்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்திலோ மூன்று நாட்களுக்குள்ளோ, அடைத்துப்போனது போலக் கேட்காமல் போயிருந்தால், அதை அவசரநிலையாகவே கருத வேண்டும். உள்காதைச் சார்ந்த திடீர்ச் செவித்திறன் இழப்புக்கு ஸ்டீராய்டு மருந்து தரப்படுகிறது; அது முதல் இரண்டு வாரங்களுக்குள், அதிலும் எவ்வளவு முன்னதாகவோ அவ்வளவு முன்னதாகத் தொடங்கினால்தான் பயன் தரும் வாய்ப்பு அதிகம். சளியாக இருக்கும், காதுக்குறும்பியாக இருக்கும், தானே சரியாகிவிடும் என்று காத்திருந்து அந்த நாட்களைக் கடத்திவிடுகிறவர்கள் பலர். அப்படிக் காத்திருக்காமல், அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

காதில் சீழோ இரத்தமோ வடிதல், கடும் வலி, தலைச்சுற்றல், தலையில் அடிபட்ட பிறகு கேட்காமல் போதல், முகத்தின் ஒரு பக்கம் தளர்ந்துபோதல் ஆகியவை இருந்தாலும் மருத்துவரிடம் போவதே முதல் வேலை. இரு காதுகளுக்கும் இடையே தெளிவான வேறுபாடு இருந்தாலும், ஒரே ஒரு காதில் மட்டும் விடாமல் இரைச்சல் கேட்டாலும், அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். செவி நரம்பை ஒட்டி வளரும் கட்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம். அப்படிப்பட்ட கட்டி அரிதானது, பெரும்பாலும் புற்றுநோயல்லாதது. ஆயினும் இல்லை என்று தெரிந்துகொள்வது நல்லது.

2. யாரிடம் போவது

இங்கே மூன்று வகையானோர் இருக்கிறார்கள், அவர்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். காது மூக்கு தொண்டை மருத்துவர் நோயைக் கண்டறிந்து மருந்தும் அறுவை சிகிச்சையும் தருகிறவர். ஆடியாலஜிஸ்ட் எனப்படும் செவித்திறன் வல்லுநர், கேட்கும் திறனை அளந்து, குறைபாட்டின் வகையைச் சொல்லி, தேவையானால் செவிக்கருவியைப் பொருத்திச் சரிசெய்து தருகிறவர். மூன்றாமவர் செவிக்கருவி விற்பனை நிலையத்தில் சோதனை செய்பவர். அவருடைய பயிற்சி இடத்துக்கு இடம் மாறுபடும். அவரே தகுதிபெற்ற ஆடியாலஜிஸ்டாகவும் இருக்கலாம், குறுகிய காலப் பயிற்சி மட்டும் பெற்றவராகவும் இருக்கலாம். அவருடைய தகுதி என்ன, பதிவு எண் உண்டா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

இலவசச் சோதனை என்ற அறிவிப்பைக் கண்டால், அது எந்த வகைச் சோதனை என்று கேளுங்கள். சல்லடைச் சோதனை என்பது, குறிப்பிட்ட சில ஒலிகளை ஒரே அளவில் கொடுத்துக் கேட்கிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பது. மேற்கொண்டு பரிசோதனை தேவையா என்பதை அது சொல்லும். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. கைப்பேசிச் செயலிகளில் செய்துபார்க்கும் சோதனையும் ஏறக்குறைய இதே வகைதான். உங்கள் ஹெட்போன் எவ்வளவு ஒலி தருகிறது என்பதும், உங்கள் அறையில் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்பதும் செயலிக்குத் திட்டமாகத் தெரியாது. நோயறியும் முழுப் பரிசோதனைக்கு இவை எதுவும் ஈடாகா.

3. முன்பதிவின்போதே கேட்டுத் தெளிய வேண்டியவை

எதற்காகப் பரிசோதனை என்பதை முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். கேட்பதில் சிரமம், காதிரைச்சல், வேலையில் சேருவதற்கான மருத்துவச் சான்று, மாற்றுத்திறன் சான்று, காப்பீட்டுக் கோரிக்கை என ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் சோதனைகளும் படிவங்களும் வேறுபடும். சான்றுக்கென்றால், எந்த நிலையத்தின் அறிக்கையை ஏற்பார்கள், யார் கையொப்பமிட வேண்டும், அறிக்கை எத்தனை நாட்களுக்குள் எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற மூன்றையும் சான்று கேட்கும் அலுவலகத்திடமே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொண்டு அதன் பிறகு பரிசோதனைக்கு நாள் குறியுங்கள். முறையாகச் செய்யப்பட்ட பரிசோதனை, முத்திரை இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்படுவது மிகவும் வருத்தம் தருவது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, மொத்தம் எவ்வளவு என்ற கேள்வி போதாது. மருத்துவர் ஆலோசனை, காதுக்குறும்பி அகற்றுதல், தூய ஒலிச் சோதனை (ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று பார்ப்பது), பேச்சுச் சோதனை, நடுக்காது அழுத்தச் சோதனை ஆகியவற்றைச் சில இடங்களில் ஒரே தொகுப்பாகவும் சில இடங்களில் தனித்தனியாகவும் கணக்கிடுகிறார்கள். குறைந்த கட்டணம் சொல்லும் இடத்தில் தூய ஒலிச் சோதனையின் ஒரு பகுதி மட்டுமே அடங்கியிருக்கக்கூடும். ஆகவே காற்று வழி (ஹெட்போன் மூலம்), எலும்பு வழி (காதின் பின்னுள்ள எலும்பு மூலம்), பேச்சு, நடுக்காது ஆகிய நான்கும் சேர்ந்த கட்டணம் எவ்வளவு, வரைபடத்தின் நகல் அதில் அடங்குமா என்று பெயர் சொல்லியே கேளுங்கள். காப்பீடு இருந்தால், மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் முன்கூட்டியே வேண்டுமா என்பதையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை முடிந்த பிறகு வாங்கிய கடிதத்தைச் சிலர் ஏற்பதில்லை.

இன்னும் மூன்று கேள்விகள். ஒலிப்புகா அறை இருக்கிறதா? கருவி கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் செய்யப்பட்டது? பேச்சுச் சோதனையை என் தாய்மொழியில் செய்வீர்களா? அளவுத்திருத்தம் ஆண்டுக்கு ஒருமுறையாவது நடந்திருக்க வேண்டும். நல்ல நிலையத்தில் இக்கேள்விகளுக்குத் தயங்காமல் விடை சொல்வார்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, அடிப்படைச் சோதனைகளுக்கு அரை மணி நேரம் ஆகும். விசாரிப்பு, காதுக்குள் பார்த்தல், முடிவை விளக்குதல் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை ஒதுக்கிக்கொள்ளுங்கள். அவசரமாக வேறெங்கோ போக வேண்டிய நாளில் இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

4. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

அடையாள அட்டை, பரிந்துரைக் கடிதம், காப்பீட்டு விவரம் ஆகியவற்றை நீங்களே மறக்க மாட்டீர்கள். பலரும் விட்டுவிடுவது பழைய ஆடியோகிராம், அதாவது முந்தைய பரிசோதனையின் செவித்திறன் வரைபடம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் எடுத்ததாக இருந்தாலும் அதைத் தேடி எடுத்துச் செல்லுங்கள். இன்றைய அளவைத் தனியாகப் பார்ப்பதைவிட, அன்றைக்கும் இன்றைக்கும் இடையே என்ன மாறியது என்று பார்ப்பது மருத்துவருக்குப் பன்மடங்கு உதவும்.

அடுத்தது மருந்துப் பட்டியல். இப்போது உட்கொள்பவை மட்டுமல்லாமல், முன்பு நோய்க்காகப் பெற்ற தீவிர சிகிச்சைகளையும் எழுதிக்கொள்ளுங்கள். ஜென்டமைசின், அமிக்கசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசி மருந்துகளும், புற்றுநோய்க்குத் தரப்படும் சிஸ்பிளாட்டினும் உள்காதைப் பாதிக்கக்கூடியவை. அதிக அளவில் எடுத்த ஆஸ்பிரினும் காதிரைச்சலை உண்டாக்கக்கூடும், ஆனால் அது பெரும்பாலும் மருந்தை நிறுத்தியதும் சரியாகிவிடும். இவற்றைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். பட்டியலாகக் கொண்டுபோய்க் காட்டினால் போதும்.

ஏற்கெனவே செவிக்கருவி அணிகிறவர் அதையும், அதன் உத்தரவாத அட்டையையும் எடுத்துச் செல்ல வேண்டும். இரைச்சல் மிகுந்த இடத்தில் வேலை பார்த்தவர் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த இயந்திரத்தின் அருகில், காதுக் காப்பு அணிந்தா அணியாமலா என்பதைச் சிறு குறிப்பாக எழுதி வைத்திருப்பது நலம்.

5. முந்தைய நாளும் பரிசோதனை நாளும்

உரத்த ஒலியைக் கேட்ட பிறகு செவித்திறன் தற்காலிகமாகக் குறைந்து, ஓய்வுக்குப் பின் மீளும். அந்த நிலையில் பரிசோதித்தால் இல்லாத குறை பதிவாகிவிடும். குறைந்தது 14 மணி நேரமாவது உரத்த இயந்திரங்கள், ஒலிபெருக்கிகள், பட்டாசு, ஹெட்போனில் உரத்த இசை ஆகியவற்றிலிருந்து விலகியிருங்கள். ஆலையில் இரவுப் பணி முடித்துவிட்டு நேரே பரிசோதனைக்கு வருவது முறையன்று.

காதுக்குறும்பி நிறைய இருந்தால் அதை அகற்றிய பிறகே பரிசோதிக்க முடியும். ஆனால் பஞ்சுக் குச்சியைக் காதுக்குள் விட்டு நீங்களே சுத்தம் செய்ய முற்பட வேண்டாம். அது குறும்பியை இன்னும் உள்ளே தள்ளிச் செவிப்பறையை ஒட்டி அடைத்துவிடும். சந்தேகம் இருந்தால் சில நாட்கள் முன்னதாகவே மருத்துவரிடம் காட்டி, சொட்டு மருந்து இட்டு இளக்கி, முறையாக எடுத்துவிடுங்கள். செவிப்பறையில் ஓட்டை இருப்பதாக எப்போதாவது சொல்லப்பட்டிருந்தால், மருத்துவர் பார்க்காமல் எந்தச் சொட்டு மருந்தும் இட வேண்டாம்.

கடுஞ்சளி பிடித்திருந்தால், அவசரம் இல்லாத பட்சத்தில், நாளை மாற்றிக்கொள்ளுங்கள். போதிய தூக்கத்துக்குப் பிறகு, பசியில்லாமல் போங்கள். கவனம் சிதறினால் அளவீடு சிதறும். முடிந்தால் வீட்டார் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். தொலைக்காட்சியை எவ்வளவு சத்தமாக வைக்கிறீர்கள், எத்தனை முறை என்ன என்ன என்று கேட்கிறீர்கள் என்பது உங்களைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

6. விசாரிப்பும் காதுக்குள் பார்த்தலும்

முதலில் கேள்விகள் கேட்பார்கள்: எப்போதிலிருந்து, எந்தக் காதில், கூட்டத்தில் சிரமமா தொலைபேசியிலா, இரைச்சல் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா. பரவாயில்லை, சமாளிக்கிறேன் என்று மரியாதைக்காகச் சொல்லும் விடை இங்கே உதவாது. எந்தச் சூழலில், யாருடைய பேச்சு புரியவில்லை என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

பிறகு ஆட்டோஸ்கோப் என்னும் சிறு விளக்குக் கருவியால் காதுக்குழாயையும் செவிப்பறையையும் பார்ப்பார்கள். வலிக்காது. இதைச் செய்யாமலே ஹெட்போனை மாட்ட வந்தால், முதலில் காதைப் பார்த்துவிடுங்கள் என்று நீங்களே கேளுங்கள். அடைப்புடன் செய்த சோதனைக்கு எந்த மதிப்பும் இல்லை.

7. ஒலிப்புகா அறைக்குள்

கதவு மூடியதும் ஒருவித அமுங்கிய அமைதி சூழும். சிலருக்கு அது மூச்சுமுட்டுவது போலத் தோன்றும். மூடிய இடம் ஒவ்வாதவர் அதை முன்பே சொல்லிவிடலாம். உள்ளிருந்து பேசினால் வெளியே இருப்பவருக்குக் கேட்கும். கதவை எப்போது வேண்டுமானாலும் திறக்கச் சொல்லலாம். கண்ணாடி, தோடு, செவிக்கருவி ஆகியவற்றைக் கழற்றச் சொல்வார்கள். ஹெட்போனில் சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. கையில் ஒரு பொத்தான் தருவார்கள், அல்லது கையை உயர்த்தச் சொல்வார்கள்.

நன்றாகக் கேட்பதாக நீங்கள் சொல்லும் காதில், 1000 ஹெர்ட்ஸ் ஒலியில் தொடங்குவார்கள். அது தெளிவாகவே கேட்கும். நீங்கள் பொத்தானை அழுத்தியதும் ஒலியை 10 டெசிபல் குறைப்பார்கள். கேட்காமல் போகும்வரை குறைத்துக்கொண்டே போய், பிறகு 5 டெசிபலாகக் கூட்டிக்கொண்டே வருவார்கள். கேட்டதும் மறுபடியும் 10 குறைப்பார்கள், 5 கூட்டுவார்கள். இப்படிக் கூட்டிக்கொண்டு வரும்போது, பாதிக்கு மேற்பட்ட தடவை நீங்கள் விடை தரும் மிகக் குறைந்த அளவே அந்த அதிர்வெண்ணுக்கான உங்கள் கேட்பு எல்லை. பின்னர் 2000, 4000, 8000 ஹெர்ட்ஸ், 1000 ஹெர்ட்ஸ் ஒருமுறை சரிபார்ப்புக்காக, அதன் பிறகு 500, 250 என்று நகர்வார்கள்.

இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்தச் சோதனை, எப்படிப்பட்ட நல்ல காதுக்கும் கேட்டும் கேட்காததுமான விளிம்பிலேயே நடக்கிறது. நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லையே, நமக்கு அவ்வளவு மோசமா என்று பதற வேண்டியதில்லை. அந்த அமைதியும் சோதனையின் பகுதியே. மிக மெல்லியதாக, எங்கோ தொலைவில் இருப்பது போலக் கேட்டாலும் உடனே அழுத்துங்கள். உறுதியாகத் தெரிந்தால்தான் அழுத்துவேன் என்று காத்திருப்பவருக்கு உண்மையைவிட மோசமான வரைபடம் வரும். இதற்கு நேர்மாறாக, இவ்வளவு நேரமாயிற்று, இப்போது ஒலி வந்திருக்கும் என்று தாளம் பிடித்து அழுத்துகிறவருக்கு உண்மையைவிட நல்ல வரைபடம் வரும். சிலர் இதைத் தேர்வாக எண்ணித் தேறிவிட முயல்கிறார்கள். தேறினால் கிடைப்பது, தேவைக்குக் குறைவாக ஒலி தரும் செவிக்கருவிதான். பரிசோதிப்பவரின் கையையும் முகத்தையும் பார்க்காமல் பக்கவாட்டில் உட்காருவது நல்லது.

காதிரைச்சல் உள்ளவர்களுக்கு, சோதனை ஒலி எது, தம் காதில் ஓயாமல் கேட்பது எது என்று பிரித்தறிவது கடினம். விட்டுவிட்டு ஒலிக்கும் ஒலியையோ ஏற்ற இறக்கத்துடன் அசையும் ஒலியையோ பயன்படுத்தச் சொல்லிக் கேட்கலாம். பெரும்பாலான கருவிகளில் அந்த வசதி உண்டு. களைப்பாக இருந்தால் இடைவேளை கேளுங்கள்.

8. எலும்பு வழிச் சோதனை

ஹெட்போனை எடுத்துவிட்டு, காதின் பின்புறம் உள்ள எலும்பின்மேல் சிறு அதிர்வுக் கட்டையை இறுக்கமான பட்டையால் பொருத்துவார்கள். கொஞ்சம் அழுத்தும், வலிக்காது. ஒலி இப்போது வெளிக்காதையும் நடுக்காதையும் தவிர்த்து, மண்டை எலும்பு வழியாக உள்காதுக்குப் போகிறது. காற்று வழியில் குறைவாகவும் எலும்பு வழியில் நன்றாகவும் கேட்டால், தடை வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது. குறும்பி, நீர்த்தேக்கம், செவிப்பறை ஓட்டை, சிற்றெலும்பு இறுகிப்போதல் போன்ற இவற்றுள் பலவற்றை மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரிசெய்ய முடியும். இரண்டு வழியிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் சிக்கல் உள்காதிலோ நரம்பிலோ உள்ளது. முன்னதைச் சரிசெய்ய இயலும் வாய்ப்பு இருக்க, இந்தச் சோதனை செய்யாமலே ஒருவருக்குச் செவிக்கருவியை விற்றுவிடுவது பெரிய அநியாயம்.

இடையில் மறு காதில் மழை பெய்வது போன்ற இரைச்சல் ஒன்று வரும். அதற்கு மறைப்பொலி என்று பெயர். ஒரு காதுக்குக் கொடுக்கும் ஒலி மண்டை எலும்பு வழியாக மறு காதுக்குத் தாவிவிடும். நல்ல காது கேட்டதை மோசமான காதின் கணக்கில் எழுதிவிடாமல் இருக்க, நல்ல காதை இப்படி இரைச்சலால் வேலைப்படுத்துகிறார்கள். அந்த இரைச்சலுக்கு விடை தராமல், அதனூடே வரும் ஒலிக்கு மட்டும் அழுத்துங்கள். இரு காதுகளுக்கும் பெரிய வேறுபாடு இருப்பவர்களுக்கு மறைப்பொலி இல்லாமல் செய்த சோதனை செல்லாது.

9. பேச்சுச் சோதனை

என் கருத்தில் மற்ற எதையும்விட அன்றாட வாழ்க்கைக்கு நெருக்கமானது இதுதான். நேரமில்லை என்று பல இடங்களில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான். முதல் பகுதியில், எளிய சொற்களை ஒலி குறைத்துக்கொண்டே போய்ச் சொல்லி, பாதியளவு சொற்களை நீங்கள் திருப்பிச் சொல்லக்கூடிய மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடிப்பார்கள். அது 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் எல்லைகளின் சராசரிக்கு ஏறக்குறைய ஒத்துவர வேண்டும். பெரிதும் முரண்பட்டால் ஏதோ ஒரு சோதனை சரியாக நடக்கவில்லை என்று பொருள். சான்றுக்காகக் கேட்காதது போல நடிப்பவர்களும் பெரும்பாலும் இங்கேதான் வெளிப்பட்டுவிடுகிறார்கள். அதற்கு மேலும் ஐயம் இருந்தால், தலையில் மின்முனைகளை ஒட்டி நரம்பின் விடையை நேரடியாகப் பதியும் பெரா சோதனைக்கு அனுப்புவார்கள்.

இரண்டாம் பகுதியில், வசதியாகக் கேட்கும் அளவில் ஓரசைச் சொற்களை வரிசையாகச் சொல்லி, எத்தனையைச் சரியாகத் திருப்பிச் சொன்னீர்கள் என்று விழுக்காட்டில் எழுதுவார்கள். பாதி கேட்டாலும், கேட்டபடியே சொல்லுங்கள். 'கல்' என்பது 'பல்' என்று கேட்டால் 'பல்' என்றே சொல்ல வேண்டும். எந்த ஒலியை எதுவாகக் கேட்கிறீர்கள் என்பதுகூடப் பயனுள்ள தகவல். ஒரே மாதிரியான வரைபடம் உள்ள இருவரில் ஒருவர் 92 விழுக்காடும் மற்றவர் 56 விழுக்காடும் எடுக்கலாம். முதலாமவருக்கு ஒலியைக் கூட்டினால் பேச்சு புரியும். இரண்டாமவருக்கு ஒலியைக் கூட்டினாலும் தெளிவு அந்த அளவுக்கு வராது, ஆகவே செவிக்கருவியிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதே வேறாகிவிடுகிறது.

தாய்மொழியல்லாத மொழியில் இதைச் செய்தால், காது அளக்கப்படுகிறதா மொழியறிவு அளக்கப்படுகிறதா என்று சொல்ல முடியாது. உங்கள் மொழியில் சொற்பட்டியல் இல்லையென்றால், எந்த மொழியில் நடந்தது என்பதை அறிக்கையில் குறிப்பிடச் சொல்லுங்கள். சொல்பவரின் உதட்டசைவு உங்களுக்குத் தெரியக் கூடாது. கூட்டத்தில்தான் சிரமம் என்பவர்கள், பின்னணி இரைச்சலுடன் கூடிய பேச்சுச் சோதனை உண்டா என்றும் கேளுங்கள்.

10. நடுக்காதுச் சோதனையும் மற்றவையும்

டிம்பனோமெட்ரி எனப்படும் நடுக்காது அழுத்தச் சோதனை சில விநாடிகளில் முடிந்துவிடும். மென்மையான ரப்பர் முனை ஒன்றைக் காதுக்குழாயில் வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றி, செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று பார்க்கும். விமானம் இறங்கும்போது ஏற்படுவது போன்ற அடைப்புணர்வு இருக்கும். நீங்கள் விடை எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பேசாமலும் விழுங்காமலும் இருந்தால் போதும். 'ஏ' வகை என்றால் இயல்பு. 'பி' வகை என்றால் கோடு தட்டையாக இருக்கிறது. நடுக்காதில் நீரோ செவிப்பறையில் ஓட்டையோ இருக்கலாம். 'சி' வகை என்றால் நடுக்காதில் அழுத்தம் குறைந்திருக்கிறது. தொடர்ந்து உரத்த ஒலி கொடுத்து நடுக்காதுத் தசையின் அனிச்சையைப் பார்ப்பதும் உண்டு. அது சற்றுத் திடுக்கிட வைக்கும்.

ஓ.ஏ.இ. (உள்காது தானே எழுப்பும் மெல்லொலியை அளக்கும் சோதனை), பெரா ஆகியவை எல்லோருக்கும் தேவையில்லை. பரிந்துரைத்தால், எதை உறுதிசெய்ய என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெராவுக்கு அசையாமல் படுத்திருக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். தலையில் எண்ணெய் வைக்காமல் போங்கள், இல்லையேல் மின்முனைகள் ஒட்டா.

11. வரைபடத்தைப் படிக்கும் முறை

ஆடியோகிராமில் இடமிருந்து வலமாக அதிர்வெண் கூடிக்கொண்டே போகும். மேலிருந்து கீழாக ஒலியின் அளவு கூடும்; ஆகவே கோடு கீழே இறங்க இறங்கக் குறைபாடு அதிகம். சிவப்பு வட்டம் வலது காதின் காற்று வழி, நீலப் பெருக்கல் குறி இடது காதின் காற்று வழி. எலும்பு வழி அளவுகளை அம்பு முனை போன்ற குறிகளாலும், மறைப்பொலியுடன் எடுத்தவற்றைச் சதுர அடைப்புக் குறிகளாலும் காட்டுவார்கள். டெசிபல் விழுக்காடன்று: 40 டெசிபல் என்பதற்கு நாற்பது விழுக்காடு கேட்காது என்று பொருளில்லை.

ஒரே சொல்லில் எழுதப்படும் தரநிலையை நம்பி நின்றுவிட வேண்டாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இரு காதுகளிலும் 500 ஹெர்ட்ஸில் 15, 1000இல் 20, 2000இல் 40, 4000இல் 65 டெசிபல் என்று ஒருவருக்கு வந்திருப்பதாகக் கொள்வோம். பல இடங்களில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் முறையில் முதல் மூன்றை மட்டும் கூட்டிச் சராசரி எடுத்தால் 25 வருகிறது. அந்தக் கணக்கில் அவர் இயல்பானவர். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி நான்கையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 35 வருகிறது. அது மிதமான குறைபாட்டின் தொடக்கம். மனிதர் ஒருவரே, காதும் அதே காதுதான். பேச்சின் உயிரொலிகளைத் தாங்கும் தாழ்ந்த அதிர்வெண்கள் அவருக்கு நன்றாகக் கேட்பதால் யாரோ பேசுவது கேட்கும். மெய்யொலிகளைத் தெளிவாக்கும் உயர்ந்த அதிர்வெண்கள் கேட்காததால் என்ன பேசுகிறார் என்பது புரியாது. இயல்பு என்று எழுதிய சீட்டோடு அவர் வீடு திரும்பினால், சரியாகக் கவனிப்பதில்லை என்ற பழிதான் வீட்டில் மிஞ்சும்.

ஆகவே கோட்டின் வடிவத்தைப் பாருங்கள். வலப்புறம் சரிந்து இறங்கும் கோடு வயதால் வரும் குறைபாட்டில் வழக்கம். 4000 ஹெர்ட்ஸ் அருகில் மட்டும் பள்ளம் விழுந்து 8000இல் மீண்டு ஏறினால், இரைச்சலால் வந்த பாதிப்பு என்று ஐயுற இடமுண்டு. முந்தைய வரைபடத்துக்கும் இதற்கும் ஓர் அதிர்வெண்ணில் 5 டெசிபல் வேறுபாடு இருந்தால் அது அளவீட்டின் இயல்பான ஊசலாட்டமே.

12. அறையைவிட்டு வெளியே வருமுன்

வரைபடத்தின் படியை அன்றே கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயர், தேதி, பயன்படுத்திய கருவி, பரிசோதித்தவரின் பெயர், தகுதி, கையொப்பம், இரு காதுகளுக்குமான காற்று வழி மற்றும் எலும்பு வழி அளவுகள், பேச்சுச் சோதனை விழுக்காடு, டிம்பனோமெட்ரி முடிவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். கைப்பேசியிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறைபாடு எந்த வகை, காரணம் என்னவாக இருக்கலாம், மருத்துவரை மறுபடி பார்க்க வேண்டுமா, அடுத்த பரிசோதனை எப்போது என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை பெறாமல் எழுந்துவிட வேண்டாம்.

செவிக்கருவி வேண்டும் என்று சொன்னால், அதே நாளில் முன்பணம் கட்ட வேண்டாம். இன்று மட்டும் தள்ளுபடி என்று சொல்லும் இடத்தில் இன்னும் நிதானமாக இருங்கள். படிப்படியாக வந்த குறைபாட்டுக்குச் சில நாட்கள் யோசிப்பதால் எந்தக் கேடும் வராது. கருவியின் விலை, பொருத்தும் கட்டணம், பின்னர் வரும் சரிசெய்தல்களுக்கான கட்டணம், மின்கலச் செலவு, உத்தரவாதக் காலம், வீட்டில் அணிந்து பார்க்க எத்தனை நாள், பிடிக்காவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவற்றைத் தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள். பொருத்தும்போது காதுக்குழாயில் மெல்லிய குழாய் வைத்து, கருவி உண்மையில் எவ்வளவு ஒலி தருகிறது என்று அளந்து சரிபார்ப்பீர்களா என்றும் கேளுங்கள். அதைச் செய்கிற இடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

இரைச்சலில் வேலை பார்க்கிறவர் ஆண்டுக்கொரு முறையும், காதைப் பாதிக்கும் மருந்து பெறுகிறவர் சிகிச்சைக்கு முன்பும் இடையிலும் மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் மறுபடி பரிசோதித்துக்கொள்ள வேண்டும். முடிந்தவரை அதே நிலையத்தில் செய்துகொள்ளுங்கள். இடம் மாற நேர்ந்தால், இந்த முறை வாங்கிய வரைபடத்தை அங்கே முதலில் மேசைமீது வையுங்கள்.